வைக்கும் பணம் யாருடையது?

அமாவாசை இரவில் மேல்மலையனூர் உறங்குவதில்லை. அங்காளம்மனின் ஊஞ்சல் உற்சவத்தைக் காண வெளியூர்களிலிருந்து வந்து சேரும் மக்கள் விடியும்வரை கோயில் வாசலிலும் பேருந்து நிற்குமிடத்திலும் விழித்திருப்பர். மருத்துவமனையிலும் உறங்காதவர்கள் உண்டு. அவர்களுக்கு அமாவாசை என்றும் பௌர்ணமி என்றும் வேறுபாடு இல்லை. நோயாளியின் கட்டிலருகே பாயை விரித்து, பாட்டிலில் மருந்து எவ்வளவு மீதம் என்று பார்த்தபடி, செவிலியரின் குரலுக்குக் காது கொடுத்தபடி இருக்கும் உடனிருப்போர் அவர்கள்.

அந்த நீண்ட நேரத்தில் அவர்களுக்குத் துணை கைப்பேசி ஒன்றே. அதில் பாட்டுக் கேட்போர் உண்டு. படம் பார்ப்போர் உண்டு. சிறு தொகை வைத்துச் சீட்டாடுவோரும் உண்டு. இந்த இதழின் பாடம் அவர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் உரியது. "சூதாடாதீர்கள்" என்ற ஒற்றை வரியுடன் நாம் நிறுத்திக்கொள்ளப் போவதில்லை. அவ்வாட்டத்தின் மிகக் கடினமான ஒரு நொடியை எடுத்து, அதைக் கணக்கோடு கற்றுப் பார்ப்போம். கணக்கு எதுவரை உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதே இப்பாடம்.

அந்த ஒரு நொடி

போக்கர் என்னும் சீட்டாட்டத்தின் விதிகள் எளியவை. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகக் கிடைக்கும். மேசையின் நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்படும். இந்த ஏழிலிருந்து சிறந்த ஐந்தைச் சேர்ப்பவர் வெல்வார். ஒவ்வொரு கட்டத்திலும் பணம் வைக்கலாம், எதிராளி வைத்ததற்குச் சமமாக வைக்கலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். ஒருவர் தம் முன் உள்ள பணம் அனைத்தையும் ஒரே மூச்சில் நடுவில் தள்ளிவிடுவதை ஆல்-இன் என்பர். அப்போது எதிரில் இருப்பவருக்கு இரண்டே வழிகள்: சமமாக வைப்பது, அல்லது விலகுவது. இணைய மேசையில் இதை முடிவு செய்யச் சில நொடிகளே தரப்படும்.

பாடத்துக்காக ஒரு குடும்பத்தைக் கற்பனையாக அமைத்துக்கொள்வோம். தந்தை அறுவைச் சிகிச்சைக்காகச் சேர்க்கப்பட்டிருக்கிறார். மணிலா விற்ற பணத்தில் 5,000 ரூபாய் மகனின் கைப்பேசிக் கணக்கில் இருக்கிறது. வெளியில் வாங்க வேண்டிய மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் வைத்தது. இரவு இரண்டு மணிக்கு மகன் 200 ரூபாயுடன் ஒரு மேசையில் அமர்கிறான். அவன் கையில் இரண்டு ஆர்ட்டின் சீட்டுகள். நடுவில் திறந்த நான்கில் இரண்டு ஆர்ட்டின். இன்னும் ஓர் ஆர்ட்டின் வந்தால் ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்து அவன் வெல்லக்கூடும். நடுவில் 150 ரூபாய் சேர்ந்திருக்கிறது. எதிராளி தம்மிடம் எஞ்சிய 100 ரூபாயையும் தள்ளிவிடுகிறார். மகன் 100 ரூபாய் வைக்கலாமா?

கணக்கு சொல்லும் விடை

மகன் கண்ட சீட்டுகள் ஆறு. காணாதவை 46. ஆர்ட்டின் மொத்தம் 13, அவற்றில் நான்கு தெரிந்துவிட்டன, எஞ்சியவை 9. ஆகவே அடுத்து வருவது ஆர்ட்டினாக இருக்கும் வாய்ப்பு 46-இல் 9, ஏறத்தாழ 20 விழுக்காடு.

இப்போது விலையைப் பார்ப்போம். அவன் வைக்க வேண்டியது 100. வைத்தபின் நடுவில் இருப்பது 350. நூறை முந்நூற்று ஐம்பதால் வகுத்தால் ஏறத்தாழ 28.6 விழுக்காடு வரும். வெல்லும் வாய்ப்பு இதைவிட மிகுந்தால் பணம் வைப்பது தகும். குறைந்தால் விலகுவதே தகும். இங்கே வாய்ப்பு 20, விலை 28.6. எனவே விலக வேண்டும்.

நம்பாதவர்கள் இதே ஆட்டம் 46 முறை நடப்பதாக எண்ணிப் பார்க்கலாம். சராசரியாக 9 முறை வென்று, முறைக்கு 250 ரூபாய் வீதம் 2,250 ரூபாய் பெறுவான். 37 முறை தோற்று 3,700 ரூபாய் இழப்பான். நிகர இழப்பு 1,450 ரூபாய். ஒரு முறைக்கு ஏறத்தாழ 31 ரூபாய் 50 காசு. ஆர்ட்டின் வந்தால் வெற்றி உறுதி என்று நாம் தாராளமாக வைத்துக்கொண்டும் இந்த நிலை.

இதில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். மேசையை நடத்தும் நிறுவனம் நடுவில் சேரும் பணத்திலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அது 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 350 ரூபாயில் 17 ரூபாய் 50 காசு போய்விடும். தேவையான வாய்ப்பு 28.6-இலிருந்து 30 விழுக்காட்டுக்கு உயரும். வரியும் உண்டு. 2023 அக்டோபர் முதல் நாள் தொடங்கி, இத்தகைய ஆட்டங்களில் செலுத்தும் முழுத் தொகையின் மீதும் 28 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்பட்டது. நிகர வெற்றித் தொகையின் மீதான வருமான வரி 30 விழுக்காடு. சிறு பந்தயத்தில் ஆட்டக்காரர் ஒருவரையொருவர் வென்றதாக மகிழ்ந்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் தவறாமல் பெறுவது ஆடாதவரே.

நல்ல கணக்கும் காப்பாற்றாத இடம்

இதுவரை படித்தவர், "அப்படியானால் கணக்கைக் கற்றுக்கொண்டு ஆடினால் போதுமே" என்று எண்ணக்கூடும். இந்த எண்ணத்தைத்தான் நாம் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இம்முறை மகனிடம் மிக நல்ல சீட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெல்லும் வாய்ப்பு 80 விழுக்காடு. கணக்கு "வை" என்கிறது. அவனும் தன்னிடம் உள்ள அனைத்தையும் வைக்கிறான். வென்றதும் மீண்டும் அதே போல் ஒரு வாய்ப்பு. மீண்டும் அனைத்தையும் வைக்கிறான். இப்படி ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் முடிவு சரியானதே. ஆயினும் ஐந்தையும் கடந்து பணத்தோடு எழும் வாய்ப்பு, 0.8-ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது: ஏறத்தாழ 33 விழுக்காடு. மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு, எல்லாம் போய் வெறுங்கையோடு எழுவதற்கே.

சரியான முடிவுகளை மட்டும் எடுத்தவன் ஏன் இழக்கிறான்? "வை" என்று சொல்லும் கணக்கு, ஆட்டம் ஆயிரம் முறை நடக்கும் என்றும், ஒருமுறை தோற்றால் மறுமுறை வைக்கப் பணம் இருக்கும் என்றும் மனத்தில் வைத்துக்கொண்டே பேசுகிறது. அதனால்தான் தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஒரு மேசைக்குக் கொண்டுபோகும் தொகையைப்போல் இருபது மடங்குக்கும் மேல் தனியே ஒதுக்கி வைத்திருப்பர். அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் தந்தையின் மருந்துப் பணம் அத்தகையது அன்று. காலையில் மருந்துச் சீட்டு வரும். அது ஒரு முறைதான் வரும். அப்போது பணம் இருக்க வேண்டும். மீண்டும் ஈட்ட முடியாத பணத்துக்கு ஆயிரம் முறையின் சராசரி பொருந்தாது.

"200 ரூபாய்தானே" என்பதும் நம்மை ஏமாற்றும் சொல். நேரில் அமர்ந்து ஆடும் மேசையில் மணிக்கு ஏறத்தாழ 25 அல்லது 30 ஆட்டங்கள் நடக்கும். இணைய மேசையில் அதைப்போல் இருமடங்கு நடக்கும். 200 ரூபாய் தீர்ந்ததும் மீண்டும் 200 இடத் திரையில் விரல் ஒருமுறை பட்டால் போதும். இருபத்தைந்து முறை பட்டால் 5,000 ரூபாய் தீர்ந்துவிடும்.

கூத்து மேடையில் எழுந்த கேள்வி

செஞ்சி, மேல்மலையனூர்ப் பகுதி மக்களுக்கு ஆல்-இன் புதிதன்று. திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதக் கூத்தைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். தருமர் பொருளை வைத்தார், நாட்டை வைத்தார், தம்பியரை வைத்தார், தம்மையே வைத்தார், இறுதியில் திரௌபதியை வைத்தார். அந்தச் சபையில் பெரியோர் பலர் இருந்தும், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவள் அவள் ஒருத்தியே. தம்மை முதலில் தோற்றவருக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்று அவள் கேட்டாள். பகடை எப்படி விழுந்தது என்பதை அவள் கேட்கவில்லை. வைத்த பொருள் யாருடையது என்று கேட்டாள். சபையோரால் அதற்குத் தெளிவான விடை சொல்ல முடியவில்லை.

நம் பாடத்தின் மையமும் அக்கேள்வியே. 28.6 விழுக்காடா, 20 விழுக்காடா என்று கணக்கிடும் முன், அந்த 100 ரூபாய் யாருடையது என்று கேட்க வேண்டும். தந்தையின் மருந்துக்கு உரியதா? தாயின் தாலிக்கொடி அடகில் வந்ததா? மகளிர் குழுவில் வாங்கிய கடனா? அப்படியானால் கையில் எந்தச் சீட்டு இருந்தாலும் விடை ஒன்றே: விலக வேண்டும், மேசையிலிருந்தே எழ வேண்டும்.

விழித்த கண்ணின் தீர்ப்பு

களைப்பும் இதில் பங்கு வகிக்கிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்கு இணையாகத் தாழ்கிறது என்று 1997-இல் நேச்சர் ஆய்விதழில் வெளியான ஆய்வு காட்டியது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து பேருந்தேறி மருத்துவமனைக்கு வந்தவர், இரவு பத்து மணிக்கே அந்த நிலையை எட்டிவிடுகிறார். நள்ளிரவுக்குப் பின் அவர் எடுக்கும் பண முடிவு எதுவும் தெளிந்த அறிவின் முடிவு ஆகாது.

இதை அரசும் உணர்ந்தது. தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் அறிவித்த விதிகள், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களில் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை நுழையக் கூடாது என்றன; 18 வயதுக்குக் குறைந்தோருக்குத் தடை விதித்தன. சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூனில் இவ்விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

சட்டம் கடந்து வந்த வழி

நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூனில் அரசுக்கு அறிக்கை அளித்தது. அதன்பின் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. ரம்மியும் போக்கரும் திறன் சார்ந்த ஆட்டங்கள், அவற்றை அடியோடு தடை செய்ய இயலாது, வயதும் நேரமும் குறித்துக் கட்டுப்படுத்தலாம் என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் கூறியது. பின்னர் 2025 ஆகஸ்டில், திறன் என்றோ அதிர்ஷ்டம் என்றோ வேறுபாடு காட்டாமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதைத் தொடர்ந்து பெயர்பெற்ற நிறுவனங்கள் இத்தகைய ஆட்டங்களை நிறுத்திக்கொண்டன. சட்டத்துக்குக் கட்டுப்படாமல் வெளிநாட்டிலிருந்து இயங்கும் செயலிகளில் பணம் கட்டுவோர், வென்றாலும் அதைக் கேட்டுப் பெற வழியற்றவர்கள்.

குடும்பத்தார் ஒன்றை அறிய வேண்டும். இச்சட்டத்தின் தண்டனைகள் ஆட்டத்தை நடத்துவோர், விளம்பரம் செய்வோர், பணப் பரிமாற்றத்துக்கு உதவுவோர் ஆகியோரை நோக்கியவை; ஆடியவரைத் தண்டிப்பது அதன் நோக்கம் அன்று. எனவே அஞ்சி மறைக்காமல் உதவி கேட்கலாம்.

மருந்தும் ஒரு காரணம் ஆகலாம்

இப்பகுதியை நோயாளிகளும் குடும்பத்தாரும் ஊன்றிப் படிக்க வேண்டும். சூதின் மீது திடீரென எழும் ஆசை சிலருக்கு மருந்தின் பக்கவிளைவாக வரலாம்.

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய்க்கும், இரவில் கால்களை அசைக்காமல் இருக்க இயலாத நோய்க்கும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் தரப்படுகின்றன. இவை மூளையில் டோபமைன் செய்யும் வேலையைச் செய்பவை. வெகுமதியை நாடும் உணர்வும் அதே டோபமைனோடு தொடர்புடையது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பார்க்கின்சன் நோயாளிகள் 3,090 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 5 விழுக்காட்டினரிடம் கட்டுக்கடங்காத சூதாட்டம் காணப்பட்டது. மனநலச் சிகிச்சையில் பயன்படும் அரிப்பிப்ரசோல் குறித்தும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் இதே போன்ற எச்சரிக்கையை வெளியிட்டது.

வாழ்நாள் முழுதும் சீட்டைத் தொடாத பெரியவர், புதிய மருந்து தொடங்கிய சில மாதங்களில் கைப்பேசியில் பணம் வைத்து ஆடத் தொடங்கினால், அவரைக் கடிந்துகொள்ளும் முன் மருந்துச் சீட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ பலருக்கு இதைச் சரிசெய்ய முடியும். ஆனால் மருத்துவரைக் கேளாமல் மருந்தைத் திடீரென நிறுத்தக் கூடாது. அது வேறு பெருந்தீங்குகளைத் தரும்.

மருந்தின் தொடர்பு இல்லாதவர்க்கும் இது ஒழுக்கக்கேடு மட்டும் அன்று. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் சூதாட்டக் கோளாறு ஒரு நோயாக இடம்பெற்றுள்ளது. அதன் அடையாளங்கள் மூன்று: எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்ற கட்டுப்பாடு கைநழுவுதல்; மற்றக் கடமைகளைவிட ஆட்டம் முதன்மை பெறுதல்; தீங்கு நேர்ந்தும் ஆட்டம் தொடர்தல், பெருகுதல். திருக்குறளில் 94-ஆம் அதிகாரம் சூது. அதை அடுத்த 95-ஆம் அதிகாரம் மருந்து. அந்த வரிசையை நாம் நம்பிக்கையாகவே எடுத்துக்கொள்கிறோம்.

செய்யத்தக்கவை

உடனிருப்போருக்கு: மருத்துவப் பணத்தை விளையாட்டுச் செயலி இணைந்த கணக்கில் வைக்காதீர்கள். இரவில் பணப் பொறுப்பை வீட்டில் இருக்கும் வேறொருவரிடம் விடுங்கள். இழந்ததை இன்றிரவே மீட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் எழுந்தால், அதையே நிறுத்த வேண்டிய அறிகுறியாகக் கொள்ளுங்கள். செலவை ஈடுகட்டத்தான் ஆடுகிறீர்கள் என்றால், முதலில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றிக் கேளுங்கள். தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை அதில் காப்பீடு உண்டு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள்.

குடும்பத்தாருக்கு: இழப்பு தெரியவந்தால், "எவ்வளவு போயிற்று?" என்று அமைதியாகக் கேளுங்கள். கடனை உடனே அடைத்துப் பணத்தை மீண்டும் அவர் கையில் தருவது உதவி ஆகாது. கடனை அடைப்பதும் கணக்கைக் கவனிப்பதும் சில காலம் வேறொருவர் பொறுப்பாக இருக்கட்டும். அவர் வாழ விருப்பமற்றுப் பேசினால் தனியே விடாதீர்கள். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண் 14416. தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104. இரண்டும் இரவிலும் இயங்குபவை. பணம் மோசடியாகப் பறிக்கப்பட்டிருந்தால் 1930 என்ற எண்ணில் இணையக் குற்றப் பிரிவுக்குத் தெரிவிக்கலாம். நேரில் காண விரும்புவோருக்கு முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

இறுதியாக ஒன்று

"வைத்தியமும் ஒரு சூதுதானே, பிழைத்தால் உண்டு" என்று வராந்தாவில் சிலர் சொல்லக் கேட்கிறோம். துயரத்தில் வரும் சொல் அது. ஆனால் ஒப்புமை சரியன்று. போக்கர் மேசையில் எதிரில் இருப்பவரின் திறமை முழுவதும் தம் சீட்டை மறைப்பதில் இருக்கிறது. மருத்துவமனையில் உங்கள் எதிரில் இருப்பவர் எதிராளி அல்லர். பரிசோதனை முடிவு என்ன, இந்தச் சிகிச்சையால் பயன் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு, செலவு எவ்வளவு, வேறு வழி உண்டா என்று நீங்கள் கேட்டால், சீட்டைத் திறந்து காட்டுவது எங்கள் கடமை. சில நொடிகளில் முடிவெடுக்கவும் பெரும்பாலும் தேவையில்லை. வீட்டாரோடு கலந்து பேசிச் சொல்லலாம்.

ஆகவே இன்றிரவு கட்டிலருகே விழித்திருக்கும் உங்களிடம் நாங்கள் வேண்டுவது இதுவே: கேள்விகளைக் கைப்பேசியிடம் கேட்காமல் எங்களிடம் கேளுங்கள். செவிலியர் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.